வீட்டுச் சிறு ரயிலுக்கு டிசிசி-இஎக்ஸ்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டு மாடி அறையில், எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகையின் மேல், எச்ஓ அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, ஒரு சிறு ரயில் பாதை இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்றுகள், ஒரு நிலையம், மூன்று கிளைகள் உள்ள ஒரு யார்டு, ரயிலைத் தடம் மாற்றிவிடும் ஆறு பாயிண்டுகள் என்பதே அதன் மொத்தம். பலகையின் முன்விளிம்பில் பத்தாண்டுகளாக ஓர் அலுமினியத் தகடு இருந்தது. அதில் பதினோரு டாகிள் சுவிட்சுகள். பாதையை மின்சாரம் தனித்தனியாகப் போகும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் எதனுடன் இணைப்பது என்பதை அந்தச் சுவிட்சுகள் முடிவு செய்தன. இரண்டு எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமானால், எது எந்தத் துண்டில் இருக்கிறது, அடுத்து எதில் நுழையப்போகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டே சுவிட்சுகளைத் தள்ள வேண்டும். ரயிலைப் பார்த்த நேரத்தைவிடத் தகட்டைப் பார்த்த நேரமே அதிகம். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு நான் பொருத்திய டிசிசி-இஎக்ஸ் என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு.

பழைய நேர்மின் முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்னழுத்தமே எஞ்சினின் வேகம். ஆகவே ஒரே துண்டில் நிற்கும் எல்லா எஞ்சின்களும் ஒன்றாகத்தான் ஓடும், ஒன்றாகத்தான் நிற்கும். டிசிசி, அதாவது இலக்கமுறைக் கட்டளைக் கட்டுப்பாடு (Digital Command Control), என்ற முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கிறது. அதன் துருவம் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறிக்கொண்டே இருக்க, அந்த மாற்றத்தின் கால அளவே செய்தியாகிறது: துருவம் மாறாமல் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது ஒன்று, 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது சுழியம். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் என்ற சிறு சில்லு இந்த ஒன்றுகளையும் சுழியங்களையும் படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றுகிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களின் நடுவில் பொதுத் தரநிலையை வகுத்தது. ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுடன் இன்றும் ஒத்துப்போவது அதனால்தான்.

டிசிசி-இஎக்ஸ் என்பது கடையில் பெட்டியாகக் கிடைக்கும் பொருளல்ல. கிரெக் பெர்மன் என்பவர் 2015இல் ஆர்டுவினோ என்ற சிறு நிரல்படுத்தும் மின்னணுப் பலகைக்காக எழுதி வெளியிட்ட டிசிசி பிளஸ் பிளஸ் என்ற திறந்த மூல நிரலிலிருந்து கிளைத்து, பின்னர் ஒரு தன்னார்வக் குழுவால் பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்ட மென்பொருள் அது. ஓர் ஆர்டுவினோ மெகா பலகையும் தண்டவாளத்துக்கு மின்சாரம் தர அதன் மேல் செருகும் மோட்டார் ஷீல்டு என்ற ஒரு துணைப் பலகையும் போதும். அவை இரண்டும் சேர்ந்து, என்சிஇ பவர் கேப், டிஜிட்ராக்ஸ் செஃபிர் போன்ற ஆயத்தக் கருவிகள் செய்யும் அடிப்படை வேலையைச் செய்துவிடுகின்றன. அந்தக் கருவிகளை இறக்குமதி செய்தால் சுங்கமும் அஞ்சலும் சேர்ந்து என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் இந்தப் பக்கம் திரும்பினேன் என்பதை ஒளிப்பானேன்?

உதிரிகளைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். மெகாவின் நகல் பலகை ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்குக் கிடைத்தது. மோட்டார் பலகையில்தான் முதல் சறுக்கல். டிசிசி-இஎக்ஸின் ஆவணம் கேட்பது, மோட்டாரை இயக்கும் எல்298 சில்லுடன் மின்னோட்டத்தை அளக்கும் வசதியும் உள்ள ஷீல்டு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததோ, கருப்பு வெப்பத்தகடு வைத்து ரோபோ செய்யும் மாணவர்கள் வாங்கிப்போகும் சிவப்புப் பலகை. "ரெண்டுலயும் அதே சில்லுதான் சார், ஒண்ணும் வித்தியாசம் இல்ல" என்றார். சில்லு அதேதான், ஆனால் அந்தப் பலகையில் மின்னோட்ட அளவீடு இல்லை. அளவீடு இல்லாவிட்டால் தண்டவாளத்தில் ஷார்ட் ஆனாலும் மென்பொருளுக்குத் தெரியாது, டீகோடரின் அமைப்புகளைத் திரும்பப் படிக்கவும் முடியாது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த பொருளை வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பலகை இப்போது மகனின் பள்ளிச் செயல்திட்டத்தில் பொம்மை மின்தூக்கியை ஏற்றி இறக்குகிறது. சரியான ஷீல்டை வேறிடத்தில் தேடி வாங்கினேன்.

பொருத்துவதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று. ஷீல்டுக்கு வரும் மின்சாரம் இயல்பாகக் கீழே உள்ள ஆர்டுவினோவுக்கும் போகும்படி ஒரு மெல்லிய செப்புத்தடம் இருக்கிறது. மோட்டார் மின்சாரம் 9 வோல்ட்டைத் தாண்டினால் அதை வெட்டிவிடச் சொல்கிறது ஆர்டுவினோ நிறுவனத்தின் குறிப்பே. எச்ஓ அளவுக்கு நான் தருவது 15 வோல்ட். ஷீல்டைக் கவிழ்த்து வைத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் தடத்தின் இரு பக்கமும் வைத்தால் கீச்சென்று ஒலிக்கும். பிளேடால் மூன்று நான்கு முறை குறுக்கே இழுத்ததும் ஒலி நின்றது. அதன் பிறகு மெகாவுக்குத் தனி அடாப்டர், தண்டவாளத்துக்குத் தனி அடாப்டர். மென்பொருளை ஏற்றுவதற்கு ஒரு நிறுவு நிரலைக் குழுவே தருகிறது. பலகை எது, ஷீல்டு எது, வைஃபை உண்டா என்று வரிசையாகக் கேட்டு, தானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அரை மணியில் முடியாதது பலகைக்கு அடியில் இருக்கிறது. பழைய பதினோரு சுவிட்சு ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, பாதை முழுவதையும் ஒரே இணைப்பாக்கினேன். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சிவப்பு ஒன்றும் கருப்பு ஒன்றும் பலகையின் அடியில் நெடுக ஓடுகின்றன. அந்தத் தடிமனில், நான்கு மீட்டர் போய் நான்கு மீட்டர் திரும்பி வந்தாலும் 2 ஆம்பியருக்கு இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கிளை ஒயர்கள் ஏறுகின்றன. தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகட்டு இணைப்பிகளை மின்சாரத்துக்கு நம்பக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அவை ஒரு மழைக்காலத்துக்குள் கருத்துவிடும் என்பதால் இங்கே அந்த அறிவுரைக்கு இரட்டை மதிப்பு. மொத்தம் முப்பத்தெட்டு சால்டரிங் இணைப்புகள். மல்லாந்து படுத்து, உருகிய ஈயம் மூக்குக் கண்ணாடியில் சொட்டாமல் இந்த வேலையைச் செய்யும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஒயரிங் முடிந்ததும் செய்ய வேண்டியது நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களின் குறுக்கே வைத்தால் ஷார்ட் ஆகும். கட்டுப்பாட்டுக் கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், நாணயத்தை எடுத்ததும் தானே திரும்பத் தர வேண்டும். வெளிச்சுற்றில் எங்கே வைத்தாலும் டிசிசி-இஎக்ஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்தது. யார்டின் மூன்றாம் கிளைக் கோடியில் வைத்தபோது துண்டிக்கவில்லை. கணினியை இணைத்து மின்னோட்டத்தைக் கேட்டால் இந்த மென்பொருள் மில்லியாம்பியரில் பதில் சொல்லும்; அது சொன்ன எண் 1,100. அதாவது முழு ஷார்ட்டும் அல்லாமல், ஏதோ ஒரு கெட்ட இணைப்பு இடையில் தடையாக நின்று, துண்டிப்பு வரம்பை எட்டவிடாமல் 13 வோல்ட்டில் 14 வாட் வெப்பத்தை ஓரிடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிறு சால்டரிங் இரும்பின் வெப்பம் அது. விரலால் தடவிப் பார்த்ததில், நாணயத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈயம் சரியாகப் பிடிக்காத என் இணைப்பு ஒன்றின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் இரண்டு இளகத் தொடங்கியிருந்தன. ரயில் தடம்புரண்டு அப்படியே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், கைப்பேசியில் ரயில் ஓட்டுவதைச் சொல்ல மாட்டேன். இந்த மில்லியாம்பியர் எண்ணைத்தான் சொல்வேன். எஞ்சினே இல்லாத பாதையில் அந்த எண் ஏறி நின்றால், ஓட்டத் தொடங்குமுன் எங்கோ தேட வேண்டியது இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது டீகோடர்கள். என் நான்கு எஞ்சின்களில் மூன்று எட்டுமுனைச் சாக்கெட்டுடன் வந்தவை. மேல்கூட்டைக் கழற்றி, வெற்றுச் செருகியை எடுத்துவிட்டு, டீகோடரை முதல் முனை பார்த்துச் செருகினால் வேலை முடிந்தது. நான்காவது, சாக்கெட்டுகள் வருவதற்கு முந்தைய காலத்து எஞ்சின். அதில் மோட்டாரின் ஒரு பிரஷ் எஞ்சினின் உலோக அடிச்சட்டத்தையே மின்பாதையாகப் பயன்படுத்துகிறது. அதைச் சட்டத்திலிருந்து முற்றாகப் பிரிக்காமல் டீகோடரை இணைத்தால், தண்டவாள மின்சாரம் மோட்டார் வழியாகப் பின்பக்கமாகப் புகுந்து டீகோடரை எரித்துவிடும். நான் பிரித்தேன், மல்டிமீட்டரிலும் சரிபார்த்தேன், பிறகு எஞ்சினுக்குள் இருக்கும் உலோக எடையைத் திருகி முடுக்கியபோது மோட்டாரின் தகடு மறுபடியும் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. முடுக்கிய பின் மறுமுறை சரிபார்க்கவில்லை. ஊதுபத்தித் தடிமனில் ஒரு புகை இழை, கூடவே அந்த வாடை. மூவாயிரம் ரூபாய் போயிற்று; தவறு முழுவதும் என்னுடையது. இரண்டாவது டீகோடருக்கு, வெப்பம் தாங்கும் மஞ்சள் கேப்டன் நாடாவால் மோட்டாரைச் சுற்றிய பிறகே மின்சாரம் தந்தேன். கருப்பு இன்சுலேஷன் நாடாவை அங்கே சுற்ற வேண்டாம். சூட்டில் அதன் பசை இளகி வழியும். சிவப்பும் கருப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளின் பொது நேர்முனைக்கு என்ற ஒயர் நிறங்கள் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே என்பது பெரிய ஆறுதல்.

டீகோடர்கள் எல்லாம் முகவரி 3 என்றுதான் வந்து சேரும். முகவரியை மாற்ற, ஷீல்டின் இரண்டாவது வெளியீட்டில் ஒரு தனித் தண்டவாளத் துண்டை இணைத்து, எஞ்சினை அதில் வைக்க வேண்டும். அமைப்புகளைப் படிக்கும்போது எஞ்சின் இருந்த இடத்திலேயே மெல்ல நடுங்கும். முதல்முறை பார்த்தபோது ஏதோ கோளாறு என்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன். டீகோடருக்குப் பேச வேறு வழி இல்லாததால், "ஆம்" என்று சொல்ல மோட்டாரை 6 மில்லிநொடி உதறி, மின்னோட்டத்தைக் குறைந்தது 60 மில்லியாம்பியர் கூட்டிக் காட்டுகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சிறு உதறலை ஷீல்டு அளந்து பதிலாக எடுத்துக்கொள்கிறது. அளவீடு இல்லாத அந்தச் சிவப்புப் பலகை ஏன் உதவாது என்பது இங்கே முழுமையாக விளங்கும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் மோட்டார் உள்ள என் டீசல் ஷண்டரின், அதாவது யார்டில் பெட்டிகளை நகர்த்தும் சிறு எஞ்சினின், பதில் முதலில் காதில் விழவில்லை. டிசிசி-இஎக்ஸில் அந்த வரம்பை ஒரு கட்டளையால் குறைக்கலாம், குறைத்ததும் விழுந்தது.

தொடக்க மின்னழுத்தம், வேகமெடுக்கும் தாமதம், உச்ச வேகம் போன்றவற்றை எண்ணெண்ணாக எழுதுவதற்குப் பதிலாக, கணினியில் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். அது இந்தக் கட்டுப்பாட்டை நேரடியாக அறிந்திருக்கிறது. பேச்சோடு பேச்சாக ஒன்று: இந்த ஜேஎம்ஆர்ஐயின் டீகோடர் கோப்புகளை ஒரு வணிக மென்பொருள் எடுத்தாண்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான இயற்பியல் பேராசிரியர் பாப் ஜேக்கப்சன் வழக்குத் தொடுத்தார். திறந்த மூல உரிமங்களின் நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்ச் செல்லும் என்று அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் அதில் தீர்ப்பளித்தது. மென்பொருள் சட்டம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஒரு தீர்ப்பு பொம்மை ரயிலில் இருந்து பிறந்தது என்பதை, இந்தப் பொழுதுபோக்கைக் கண்டு சிரிக்கும் உறவினர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பலனில்லை.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? ஒரு சிறு வைஃபை பலகையை இணைத்தால் கட்டுப்பாடு தானே ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. வீட்டு ரௌட்டர் தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எஞ்சின் டிரைவர் என்ற இலவசச் செயலி. ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான்களாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், கண்ணைத் திரையிலிருந்து எடுத்து ரயிலின் மேல் வைக்கலாம். முதல் நாள் மாலை நான் செய்தது ஒன்றுதான்: யார்டில் ஒரே கிளையில் இரண்டு எஞ்சின்களை எதிரெதிராக நிறுத்தி, ஒன்று விளக்கெரிய அசையாமல் நிற்க, மற்றொன்றை 126 வேகப் படிகளில் இரண்டாவது படியில் ஊர்ந்து வரச் செய்து, கொக்கிகள் ஒன்றையொன்று தொடுவதைப் பார்த்தேன். பதினோரு சுவிட்சுத் தகட்டால் பத்தாண்டுகளில் ஒருமுறைகூட அதைச் செய்ய முடிந்ததில்லை.

பாயிண்டுகளுக்கு எஸ்ஜி90 என்ற மலிவான சர்வோ மோட்டார்களையே, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்களையே வைத்தேன். பதினாறு சர்வோக்களை இயக்கும் பிசிஏ9685 பலகை ஒன்று போதும். சர்வோக்களுக்கான 5 வோல்ட்டை மெகாவிலிருந்து எடுக்காமல் தனியாகத் தர வேண்டும். இல்லாவிட்டால் அவை ஒன்றாக அசையும்போது மெகா தடுமாறும். சர்வோ எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்பதற்கு மென்பொருளில் சில தேர்வுகள் உண்டு. அவற்றில் ஒன்று, முடிவிடத்தை அடைந்ததும் சற்றுத் துள்ளி நிற்பது. பாயிண்டுக்கு அதனால் பயனில்லை. நிலையத்தின் கைகாட்டிக்கு வைத்துப் பாருங்கள்: கை சடாரென்று இறங்கி, இரண்டு முறை அதிர்ந்து அடங்கும். கம்பியால் இழுக்கப்பட்ட பழைய கைகாட்டியைச் சிறுவயதில் நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஒரு அசைவு என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. தானியங்கி ஓட்டத்துக்கு எக்ஸ்-ரெயில் என்ற எளிய கட்டளைமொழி இருக்கிறது. இந்த உணரியை எட்டும்வரை போ, நில், இருபது நொடி காத்திரு, திரும்பி வா என்ற அளவில் எழுதலாம். உணரிகளாக நான் வைத்த அகச்சிவப்புக் கண்கள் மாலை நான்கு மணிக்கு மேல் சன்னல் வழியே வெயில் விழுந்ததும் இல்லாத ரயிலைப் பார்க்கத் தொடங்கின. திரைச்சீலை போட்டேன், அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

குறைகள் உண்டு. எல்298 பழைய தலைமுறைச் சில்லு. சானலுக்கு 2 ஆம்பியர்தான் உச்சம், தன்னிடமே ஏறத்தாழ இரண்டு வோல்ட்டை வெப்பமாக இழக்கிறது. நான் 15 வோல்ட் தந்தும் தண்டவாளத்துக்குப் போவது 13தான். எச்ஓ எஞ்சின்கள் மூன்று நான்கு ஓட இது போதும். விளக்கெரியும் பெட்டிகள் சேர்ந்தால் நெருக்கடிதான். மே மாத மதியத்தில் அந்தச் சில்லின் மேல் விரல் வைக்க முடியவில்லை, ஒரு சிறு விசிறி பொருத்தினேன். கையில் பிடித்துத் திருகும் குமிழ் உள்ள கட்டுப்பாடு இதனுடன் வருவதில்லை. கைப்பேசியில் அழைப்பு வந்தால் ரயில் என்ன ஆகும் என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. ஆவணங்கள் முழுவதும் ஆங்கிலத்தில், மிக விரிவாக, தேடுவது எங்கே என்று தெரியாத அளவுக்கு விரிவாக இருக்கின்றன. மேலும், கோளாறு வந்தால் அழைத்துக் கேட்க ஒரு சேவை மையம் கிடையாது. மல்டிமீட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் கூடுதல் பணம் கொடுத்து ஆயத்தக் கருவியை வாங்குவதே நல்லது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மெகா, ஷீல்டு, வைஃபை, இரண்டு அடாப்டர்கள் சேர்ந்து நான்காயிரத்துக்குள் அடங்கின. ஒயர், சர்வோ, உணரிகள் இன்னொரு மூவாயிரம். டீகோடர்களுக்கு மட்டும், எரிந்துபோனதையும் சேர்த்து, பதினைந்தாயிரம். கட்டுப்பாடு மலிவு என்று இதில் இறங்குகிறவர்கள் முதலில் தங்கள் எஞ்சின்களை எண்ணிப் பார்க்க வேண்டும். டீகோடர் வாங்காத எஞ்சின்களை உடனே மூட்டை கட்டத் தேவையில்லை. இப்போதைய பதிப்புகளில் ஷீல்டின் ஒரு வெளியீட்டைப் பழைய நேர்மின் முறைக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு எஞ்சினாக, கையில் காசு சேரும்போது மாற்றலாம்.

அலுமினியத் தகட்டைத் தூக்கி எறியவில்லை. யார்டு பக்கத்தில் அதன் மூன்று சுவிட்சுகளை மெகாவின் உள்ளீடுகளில் இணைத்து, பாயிண்டுகளைத் தள்ளப் பயன்படுத்துகிறேன். கைப்பேசியைத் தடவுவதைவிட அந்த டக்கென்ற ஒலி எனக்குப் பழகியிருக்கிறது. அடுத்த கோடைக்கு முன் எல்298ஐ மாற்ற வேண்டும்.